சித்திரையில் பூக்கும் மலை

குற்றாலம் என்ற பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம்மவர் நினைவில் எழுவன ஆனி ஆடி மாதங்களின் சாரலும், கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றும், பேரருவியின் கீழ் எண்ணெய் தேய்த்த தலைகளோடு நெருக்கியடித்து நிற்கும் ஜனத்திரளுமேயன்றி, அந்த மலை தன்னைப் பூவால் அலங்கரித்துக்கொள்ளும் மாதம் எது என்ற விசாரணை அல்ல. பொங்குமாங்கடல் என்னும் அருவிக்குழி வற்றி, அருவி விழும் பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தப் பிரதேசத்துக்கு வருகிறவனை ஊரார் மிகுந்த இரக்கத்தோடு பார்ப்பார்கள். "சீசன் இல்லாத நேரமா வந்திருக்கியளே!" என்று தென்காசி பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். அருவியைத் தேடி வந்தவனுக்கு அந்த வருத்தம் பொருந்தும். மலரைத் தேடி வந்தவனுக்கோ அந்த வறண்ட மாதங்களே சீசன் என்பதை, பண்பொழியிலிருந்து தொடங்கிச் செண்பகாதேவி வரையில் நான் நடந்தும் வண்டியேறியும் கண்ட காட்சிகள் ஐயமின்றி உணர்த்தின.

செங்கோட்டைக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலை பிறைபோல வளைந்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தன் மடியில் ஏந்திக்கொண்டிருக்கும் இடத்தில் அமைந்தது பண்பொழி. செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த மற்ற ஊர்களைப் போலவே, 1956 நவம்பர் 1ஆம் தேதி வரையில் மலைக்கு அப்பாலிருந்த ராஜ்யத்தின் ஆளுகையில் இருந்து, பிறகு தாய்த் தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. ஊரின் மேற்கே, பெருமலைத் தொடரிலிருந்து சற்றே விலகி, தனியாக எழுந்து நிற்கிற சுமார் 500 அடி உயரமுள்ள குன்றே திருமலை. அதன் உச்சியில் குமாரசுவாமி எழுந்தருளியிருக்கிறார். வாகனங்கள் மேலே செல்ல இப்போது தார்ச்சாலை உண்டு. ஆயினும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை விடியற்காலையில் ஏறுகிறவனுக்குக் கிடைக்கும் லாபம் வண்டியில் செல்பவனுக்குக் கிடைப்பதில்லை. படியின் இருமருங்கிலும் புதர்களும் பாறை இடுக்குகளும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதேனும் ஒரு பூவை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த மலைக் கோயிலின் ஸ்தல புராணமே ஒரு பூவைச் சுற்றிப் பிறந்தது என்பதை நினைத்து நான் வியந்ததுண்டு. உச்சியில் பூஞ்சுனை என்றும் அஷ்டபத்மக் குளம் என்றும் வழங்கும் ஒரு சுனை இருக்கிறது. அதில் மலர்ந்த குவளையைக் கொண்டு சப்த கன்னியர் முருகனைப் பூஜித்தனர் என்பது ஐதிகம். நான் சென்ற காலையில் சுனையில் பூ ஏதும் இல்லை. நீரும் தாழ்ந்தே இருந்தது. எனினும், ஒரு மலையின் பெருமையைச் சொல்ல வந்த நம் முன்னோர் பொன்னையும் மணியையும் விட்டுவிட்டு, அங்கே விளைகிற ஒரு நீர்ப்பூவை எடுத்துக்கொண்டார்களே, அந்த ரசனையை எண்ணியபடியே சுனைக்கரையில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். குறிஞ்சி நிலத்துக்கு ஒரு பூவின் பெயரையே இட்டவர்கள் அல்லவா அவர்கள்!

வெளிச்சம் நன்றாகப் பரவியபின் கோயில் மதிலருகே நின்று மேற்கே நோக்கினால், அடவிநயினார் அணையின் நீர்ப்பரப்பும், அதற்கு மேலே அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் காடும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அடிவாரத்து வறண்ட காடு முழுவதும் இலையுதிர்த்துச் சாம்பல் நிறம் பூண்டிருக்க, அந்தச் சாம்பலுக்கு நடுவே ஆங்காங்கே மஞ்சள் சுடர்களாக நின்றவை கோங்க மரங்கள். ஓர் இலைகூட இல்லாத வெறுங்கிளைகளின் நுனியில், உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த பொன்னிற மலர்கள்! இலவ மரங்கள் மாசியிலேயே தம் செம்மலர்களைச் சொரிந்து முடித்து, நான் பார்த்தபோது காய் முற்றி நின்றன. வெட்பாலை வெண்பூங்கொத்துகளை விரித்திருந்தது; புங்கின் கீழே நிலமே தெரியாதபடி பூ உதிர்ந்து கிடந்தது; கொன்றை அப்போதுதான் முதல் சரங்களை இறக்கத் தொடங்கியிருந்தது. இவையெல்லாம் அபூர்வமான மரங்கள் அல்ல என்று சொல்லலாம். ஆனால் இவை அனைத்தையும் ஒரே நேரத்தில், ஒரே மலைச்சரிவில், மனிதன் நட்டு வைக்காமல் தாமே நின்ற நிலையில் காண்பது இக்காலத்தில் அபூர்வமே.

தண்ணீருக்கு ஏங்கும் மாதத்தில், உடம்பிலுள்ள இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்ட ஒரு மரம், தன் சேமிப்பு முழுவதையும் பூவாகச் செலவிடுவானேன் என்று கேட்கத் தோன்றும். இதற்குத் தாவரவியலார் கூறும் சமாதானம் மிக அழகானது. இலை மறைக்காத மலரை வெகுதூரத்திலிருந்தே பறவையும் வண்டும் கண்டுகொள்கின்றன. மழையில்லாத காலமாதலால் மகரந்தம் கரைந்து வீணாவதில்லை. பங்குனியில் பூத்தது வைகாசிக்குள் காய்த்து வெடித்து விதையைச் சிதறிவிட்டால், ஆனியில் முதல் சாரல் விழும்போது அந்த விதை முளைக்க ஆயத்தமாக மண்ணில் காத்திருக்கிறது. இலவம்பஞ்சு காற்றில் பறப்பது இதன் ஒரு காட்சியே. அருவியைக் காண ஆடியில் வருகிற லட்சக்கணக்கானவர் பார்க்கும் பசுமையின் முதல் எழுத்து, அவர்கள் வராத சித்திரையில் எழுதப்படுகிறது.

பண்பொழியில் நிற்பவனுக்கு மற்றொரு பாக்கியமும் உண்டு. ஊருக்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதன் வழியேதான் ரயிலும் சாலையும் ஆரியங்காவைக் கடந்து கொல்லத்துக்குச் செல்கின்றன. இந்தக் கணவாய்க்கு வடக்கிலிருப்பது பெரியாற்று மலைத்தொகுதி, தெற்கிலிருப்பது அகத்தியமலை என்னும் பொதிகைத் தொகுதி. மனிதனுக்கு வழியாக அமைந்த இந்தத் தாழ்வு, உயர்ந்த மலையில் மட்டும் வாழக்கூடிய செடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் தாண்டமுடியாத அகழியாகி, இரு தொகுதிகளிலும் நெடுங்காலமாகத் தனித்தனியே ஜீவன்கள் உருவாகக் காரணமாயிற்று என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். ஆகையால் திருமலையின் உச்சியில் நின்று வலமும் இடமும் திரும்பிப் பார்ப்பவன், வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வெவ்வேறு தாவர உலகங்களைப் பார்க்கிறான்.

மலையிறங்கி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்தேன். தென்னையும் நெல்லும் பின்தங்க, கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. கோட்டைவாசல் என்ற எல்லையைத் தாண்டியவுடன் காற்றின் குணமே மாறிவிடுகிறது. கிழக்கே இலையற்று நின்ற காடு, மேற்குச் சரிவில் வானம் தெரியாத பசுங்காடாகிறது. மழைநிழலில் கிடக்கும் நம் பக்கத்துக்கும், மழையை நேரே மார்பில் ஏற்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே சில மைல்களே தூரம் என்பதைக் கண்ணால் கண்டாலும் நம்புவது கடினம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, உடன் வந்த பண்பொழி அன்பர், சாலையோரத்து எட்டி மரம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அதன் கவையில், தடித்த வாள்போன்ற இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்க, அதிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு பூஞ்சரம் தலைகீழாகத் தொங்கியது. வெளிறிய மஞ்சள் இதழ்களின் நடுவே செவ்வரி ஓடிய மலர்கள். சிம்பிடியம் என்று தாவரவியலார் அழைக்கும் ஆர்க்கிட் வகை அது. பூவை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததேயன்றி மனம் அலுக்கவில்லை.

மரத்தில் ஒட்டி வாழ்வதால் இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டியெறிகிறவர்கள் உண்டு. அது அநியாயம். புல்லுருவி தான் ஏறிய மரத்தின் சாரத்தை உறிஞ்சுவது. இந்த ஆர்க்கிட் அவ்வாறு மரத்தினிடம் ஒரு துளி ரசத்தையும் பெறுவதில்லை. நிற்க இடம் மட்டுமே கேட்கிறது; காற்றின் ஈரத்தையும், பட்டையின் பிளவுகளில் சேரும் மக்கையும் கொண்டே ஜீவிக்கிறது. இதன் ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் உண்டு. தூசியைவிட நுண்ணியவையான அவற்றில் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு அறவே இல்லை. விதை விழுந்த இடத்தில் அதற்கு இசைவான பூஞ்சணம் ஒன்று முன்னரே குடியிருந்து, அது ஊட்டினால்தான் விதை உயிர்பெறும். லட்சத்தில் ஒன்று பிழைத்து, பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதல் பூவைக் காட்டுகிறது. இதனை அறியாமல், அழகாக இருக்கிறதே என்று பிடுங்கிக்கொண்டுபோய் மாடித் தொட்டியில் வைப்பவர், பெரும்பாலும் அதை மெல்லக் கொல்வதற்கே கொண்டுபோகிறார்.

அச்சன்கோவிலுக்குச் செல்லும் அந்தக் காட்டில் என்னை நெடுநேரம் கட்டி நிறுத்தியது நாங்கு மரம். நாகப்பூ என்று மருந்துக்கடையில் காய்ந்த மொக்காக மட்டுமே நான் அறிந்திருந்த மலரை, வெண்பட்டு இதழ் நான்கும் நடுவே பொன்தூள் திரண்ட மகரந்தக் குவியலுமாக உயிரோடு கண்டேன். அதே மரத்தில் புதுத் தளிர்கள் பவள நிறத்தில் தொங்கின. இரும்பை ஒத்த உறுதியுள்ள அதன் வைரத்தை ரயில் தண்டவாளங்களுக்கு அடிக்கட்டையாக வெட்டித் தீர்த்தார்கள் ஒரு காலத்தில். கடலுக்கப்பால் இலங்கையிலோ இதே இனத்தைத் தேசிய விருக்ஷமாக 1986இல் அறிவித்துப் போற்றுகிறார்கள். இன்னும் உயரே, பொதிகையின் முடிமலைக் காடுகளில், இந்த மாதங்களில் வெடிப்பலா பூக்கிறது. இதழே இல்லாத அந்தப் பழுப்புப் பூ மனிதன் கண்ணுக்கு அழகாகத் தோன்றாது. ஆனால் கனிகள் அரிதான கோடையில் சோலைமந்திக்கும் வௌவாலுக்கும் மலையணிலுக்கும் அதுவே அன்னம். ரோஜாவையும் மல்லிகையையும் கொண்டு பூவின் பெருமையை அளக்கும் நாம், இம்மரத்தின் எதிரில் நம் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, செண்பகாதேவி. குற்றாலத்துப் பேரருவிக்கு மேலே, காட்டுவழியில் சிற்றாற்றை ஒட்டி ஏறினால் அடையக்கூடிய அருவியும், அதன் அருகே அம்மன் கோயிலும் உள்ள இடம் இது. குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி ஆகிய சரகங்களின் காடுகளைச் சேர்த்து, சுமார் 356 சதுர கிலோமீட்டர் பரப்பில் நெல்லை வனவிலங்கு சரணாலயம் சில ஆண்டுகளுக்கு முன் ஏற்படுத்தப்பட்டது. இதே மலைத்தொகுதியில் 2022இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகம் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இப்படிக் காவல் சூழ்ந்த காட்டுக்குள் சாதாரண நாட்களில் நாம் நினைத்தபடி ஏறிவிட இயலாது. சித்ரா பௌர்ணமி உற்சவத்தை ஒட்டி, வனத்துறையார் அனுமதித்த வேளையில், அடியார் கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஏறினேன்.

வழியெல்லாம் வேர்களும் உருண்டைக் கற்களும். இடப்பக்கம் ஆறு, நீர் குறைந்திருந்ததால் அதன் ஓசை தாழ்ந்து, பறவைகளின் குரல் மேலோங்கிக் கேட்டது. பாறைகளின் நிழற்புறத்தில் பாசி காயாமல் இருந்த இடங்களில் ஊதாவும் வெண்மையுமான சிறு பூக்கள், கடுகளவும் மிளகளவுமாக, குனிந்து பார்ப்பவனுக்கு மட்டும் தெரியும்படி மலர்ந்திருந்தன. காட்டு மல்லிகை கண்ணுக்குப் படுமுன் மூக்குக்குப் பட்டது. மேலே, கோயிலை நெருங்கும்போது, செண்பகத்தின் வாசனை! நகரத்துத் தெருவில் வாழைநாரில் கட்டி விற்கப்படுகிற செண்பகம் வேறு. ஓங்கி உயர்ந்த மரத்தின் உச்சியில், எவர் கைக்கும் எட்டாமல், காட்டுக்காற்று முழுவதையும் தன் வசமாக்கிக்கொண்டு நிற்கிற செண்பகம் வேறு. கீழே உதிர்ந்து கிடந்த மஞ்சள் இதழ்களை ஒரு பாட்டி பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "கொப்புல இருக்கது அம்மனுக்கு, கீழ கெடக்கது நமக்கு" என்றாள். எந்த வனச்சட்டமும் இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டதில்லை.

வழியில் நின்றிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் அந்தச் சிறு பூக்களைப் பற்றி விசாரித்தேன். இளைஞர். ஒவ்வொரு செடிக்கும் ஊரார் இட்ட பெயரையும், எந்தப் பூவுக்கு எந்த வண்டு வரும் என்பதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். கதவு எப்போதும் பூட்டியிருப்பதில் ஜனங்களுக்குக் குறைதானே என்று நான் கேட்டதற்கு, "பாக்கதுக்கு வாறவங்கள நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம் அண்ணாச்சி. வேரோட பிடுங்கதுக்குன்னே வாறவன் இருக்கான் பாத்துக்கிடுங்க, அவனாலதான் எல்லாருக்கும் கதவடைப்பு" என்று பதில் சொன்னார். மலையைத் திறந்துவிட வேண்டும் என்று அதுவரை ஓரளவு எண்ணியிருந்த என் மனம் அந்தப் பேச்சால் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த மலைகளின் பூக்களைச் சாஸ்திர ரீதியாக உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படை மருத்துவராக இருந்த அவர், 1830களில் குற்றால மலையில் செடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரையில் ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட இந்தியத் தாவரச் சித்திரங்கள் ஈராயிரத்துக்கும் அதிகம். பெயர் அவருடையது, அந்தச் சித்திரங்களில் பெரும்பாலானவற்றைத் தீட்டிய கை ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர் இருவருடையது. மகரந்தத் தாளையும் சூலறையையும் வெட்டிப் பார்த்து, வண்ணமும் அளவும் பிசகாமல் அவர்கள் எழுதிய படங்களைக் கொண்டே இன்றும் அறிஞர்கள் செடிகளை அடையாளம் காண்கிறார்கள். ஐரோப்பிய நூலகங்கள் பேணிக் காக்கும் அந்த இருவரின் படங்களுக்கு, குற்றாலத்தில் ஒரு சிறு காட்சிக்கூடமேனும் அமைக்க வேண்டாமா?

பூவை அறிந்தவர்கள் எல்லோரும் பூவைக் காத்தவர்கள் அல்லர் என்பதற்கும் இதே மலைத்தொகுதியில் ஒரு சாட்சி இருக்கிறது. பொதிகையின் உயர்ந்த புல்வெளிப் பாறைகளில் மட்டும் வாழும் ஓர் ஆர்க்கிட், பாதரட்சை போன்ற வடிவுடைய பூவைப் பூக்கிறது. பொன்மஞ்சள் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு. கர்னல் ஹீபர் ட்ரூரி என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கும் இது, தென்னிந்தியத் தீபகற்பம் முழுவதிலும் தன் இனத்தில் இருக்கும் ஒரே ஒரு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்ட நாள்தொட்டு, சேகரிப்பவர்களின் ஆசை அதைத் துரத்தி வேரோடு பெயர்த்தது. கண்ணில் படாமலே போய்விட்டது என்று பல ஆண்டுகள் எண்ணப்பட்டுப் பின்னர் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட பிறகும் சூறை நிற்கவில்லை. இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டு, சர்வதேச வாணிபமும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மலைக்கு மேற்கே, பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சியாளர்கள் சோதனைச்சாலையில் இதன் நாற்றுகளை வளர்த்துக் காட்டுக்குத் திரும்பக் கொடுக்க முயன்றிருக்கிறார்கள். 2001இல் அமைக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் கீர்த்தியில் இந்தச் சிறு பூவுக்கும் ஒரு பங்கு உண்டு. அஸ்ஸாமியர் தம் காட்டு ஆர்க்கிடை மாநில மலராகக் கொண்டு, சித்திரைப் பிஹு விழாவில் பெண்கள் கூந்தலில் அதைச் சூடி ஆடுவதை நாடறியும். பொதிகையின் பாதரட்சைப் பூவையோ அதன் அடிவாரத்துப் பிள்ளைகளே கேள்விப்பட்டதில்லை. பண்பொழிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ரோஜாவின் படத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பது என் ஆசை.

செண்பகாதேவியிலிருந்து இறங்குகையில் மனத்தை வருத்திய காட்சியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பக்தியோடு ஏறியவர்களே விட்டுச்சென்ற தண்ணீர்ப் புட்டிகளும், ஷாம்பு உறைகளும், கற்பூரம் எரிந்த தகரங்களும் ஆற்றோரப் பாறைகளில் சிதறிக் கிடந்தன. காலையில் நான் குனிந்து பார்த்த சிறுபூக்களின் பாசிமெத்தை ஓரிடத்தில் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. ஒரு சாரலில் குப்பை அடித்துச் செல்லப்படலாம். பல ஆண்டுகளில் படர்ந்த பாசி அவ்வளவு விரைவில் திரும்பாது. ஆகவே வனத்துறையார் பங்குனி, சித்திரை மாதங்களில், சிறு சிறு குழுக்களாக, அந்த இளைஞரைப் போன்ற காவலர்களின் துணையோடு, பூக்களைக் காண்பதற்கென்றே பொதுமக்களையும் மாணவர்களையும் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைச் செய்தால், கூட்டமும் குறையும், அறிவும் பெருகும்.

அன்பர்களே, அடுத்த இளவேனிலில் ஒருமுறை அருவியை மறந்து இந்த மலைகளுக்கு வாருங்கள். திருமலைப் படிகளுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை, விடியுமுன் ஏறுங்கள். செண்பகாதேவிக்குச் செல்ல விரும்பினால், அந்தந்த ஆண்டின் அனுமதியையும் நேரத்தையும் குற்றாலம் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். கொண்டுசென்ற பொருள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். பூ ஒன்றைக்கூடக் கொண்டுவராதீர்கள்.